மார்க் போடுகிறவரிடம் மனம் திறக்குமா?

விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த பதினேழு வயது மகளைப் பறிகொடுத்த ஒரு தந்தை, உண்மை தெரிந்தாக வேண்டும் என்று நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியதன் பயனாக, 2025 ஜூலை 25ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத்தும் சந்தீப் மேத்தாவும் வழங்கிய தீர்ப்பு, இந்நாட்டின் கல்விக்கூடங்களுக்கெல்லாம் ஒரு கட்டளையைப் பிறப்பித்தது. நூறு பேரோ அதற்கு மேலோ பயிலும் ஒவ்வொரு ஸ்தாபனமும் தகுதி வாய்ந்த மனநல ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையேனும் நியமித்தாக வேண்டும். அதனினும் சிறியவை வெளியிலுள்ள வல்லுநரோடு நிலையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களும் மற்ற அலுவலர்களும் ஆண்டுக்கு இருமுறையேனும் இதற்கான பயிற்சி பெற வேண்டும். உதவித் தொலைபேசி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மார்க்கைக் காட்டி நாலு பேர் முன்னிலையில் ஒரு மாணவரை அவமானப்படுத்துவது கூடாது. தக்க சட்டம் இயற்றப்படும் வரையில் இந்நெறிகளே சட்டமாக நிற்கும் என்றும் நீதிமன்றம் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது.

வேண்டிய கட்டளைதான், தாமதமாக வந்த கட்டளையும்கூட. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட மாணவர்களின் தொகை 13,044. அதே ஆண்டில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், நாடு முழுவதற்கும் லட்சம் பேருக்கு 12.4 என்றிருந்த தற்கொலை விகிதம் நம்முடைய சிறிய புதுச்சேரியில் 29.7 ஆக இருந்தது. சிக்கிமும் அந்தமானும் மாத்திரமே நமக்கு முன்னே நின்றன. பிரெஞ்சுக்காரர் கட்டிய நேரான வீதிகளையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போகிற யாத்ரீகர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் வந்தால் போய்ச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வியை நம் கிராமங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகரை நியமிப்பது ஒரு காரியம். அவரிடம் பிள்ளைகள் வந்து பேசுவது வேறொரு காரியம். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து புறப்பட்டுப் போய்ப் படித்துத் திரும்புகிற இளைஞர்களைப் பொறுத்தவரை, கல்லூரிக்குள் திறக்கப்படும் அறை மட்டும் போதாது. அவர்கள் வீடு திரும்பும் வேளையில், அவர்களுடைய ஊரிலேயே, மார்க்கோடும் அட்டெண்டன்ஸோடும் எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவர்கள் உட்கார்ந்து கேட்கவும், ஒத்த பிராயத்தினர் ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும்.

கல்லூரிக்குள் இருக்கும் அறை ஏன் போதாது என்பதற்கு, நான் நேரில் கண்ட ஓர் அறையைப் பற்றிச் சொன்னால் விளங்கும். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருப்பவர்கள் நல்லவர்கள், வேண்டுமென்றே செய்ததும் இல்லை. ஆசிரியர்கள் அமரும் அறைக்கு நேர் எதிரே, தாழ்வாரத்தில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி, ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்ற பலகையோடு அந்த அறை இருந்தது. உள்ளே பாதி இடத்தை, கல்லூரிக்குத் தரச்சான்று வழங்க வரும் குழுவுக்காகத் தயாரித்த ஃபைல்கள் அடங்கிய பீரோக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மேஜை மேல் ஒரு ரெஜிஸ்டர்: பெயர், வகுப்பு, பதிவெண், வந்த காரணம் என்று கட்டம் போட்டு, கடைசிக் கட்டம் துறைத்தலைவரின் கையெழுத்துக்காக விடப்பட்டிருந்தது. ஆலோசகர் என்று குறிக்கப்பட்டிருந்தவரோ மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும் ஓர் உதவிப் பேராசிரியர். அந்த வகுப்பின் இன்டர்னல் மார்க்கும் அவர் கையில்தான். நாலு பேப்பரில் அரியர் வைத்திருக்கிற, அப்பாவிடம் அதைச் சொல்லாமல் மறைத்து வருகிற ஒரு பையன், தன் பெயரைத் தானே எழுதி, காரணத்தையும் எழுதி, அதைத் துறைத்தலைவர் படிப்பார் என்று தெரிந்த பின்னும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனம் திறந்து பேசுவான் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? அந்த ரெஜிஸ்டரில் எழுதியிருந்த பெயர்கள் மிகச் சொற்பம். அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம பசங்களுக்குப் பிரச்சினையே இல்லை சார்’ என்று அங்கிருந்த ஒருவர் திருப்தியோடு சொன்னார்.

கேட்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் ஆதாரமான விதி. வைத்தியருக்கும் வக்கீலுக்கும் உள்ள அந்தரங்கக் கடமை மன ஆலோசகருக்கும் உண்டு. உயிருக்கே ஆபத்து நேரும் என்று தோன்றினாலொழிய அவர் கேட்டதை வெளியில் சொல்லலாகாது. தாய் தந்தையரிடமும், கல்லூரி முதல்வரிடமும் அப்படித்தான். பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாக ஆலோசனைப் பணியை ஒப்படைத்துவிட்டு, உச்ச நீதிமன்றத்தின் கட்டளையை நிறைவேற்றிவிட்டோம் என்று அறிக்கை எழுதுகிற கல்லூரிகள், எழுத்தை நிறைவேற்றுகின்றனவேயன்றி, அந்தப் பெண்ணின் தந்தை எதற்காக நீதிமன்றம் போனாரோ அதை நிறைவேற்றவில்லை.

இனி நம் கிராமத்து மாணவரின் ஒரு நாளைப் பார்ப்போம். பாகூர், புதுச்சேரி நகருக்குத் தெற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வில்லியனூர் மேற்கே பத்துக் கிலோமீட்டர் தூரம். பல்கலைக்கழகமோ நகருக்கு வடக்கே காலாப்பட்டில். அரசுக் கலைக்கல்லூரியும் மேற்படிப்பு மையமும் லாஸ்பேட்டையில். ஆகவே பாகூர் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து காலாப்பட்டுக்குப் போகிற பெண், விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, தம்பிக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் சாலையைப் பிடித்து, புதிய பஸ் நிலையத்தில் இறங்கி மாறி, மறுபடியும் நின்றுகொண்டே பயணம் செய்து வகுப்புக்குப் போகிறாள். மாலையில் அதே வழியில் திரும்புகிறாள். கல்லூரி ஆலோசகர் இருக்கும் நேரம் காலை பத்து முதல் நாலு. அந்த நேரம் முழுவதும் அவள் வகுப்பிலோ பரிசோதனைச் சாலையிலோ இருக்கிறாள். நாலு மணிக்கு மேல் தங்கினால் பஸ் போய்விடும், இருட்டிவிடும், வீட்டில் கேள்வி எழும். ஆண் பிள்ளைகளுக்கோ சனி, ஞாயிறு கேட்டரிங் வேலை, கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலை என்று கழிந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கொம்யூன்களின் நிலப்பரப்பு தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடப்பதால், வீடு ஓர் அரசின் கீழும் கல்லூரி இன்னோர் அரசின் கீழும் அமைந்துவிட்ட பிள்ளைகள் பலர்; அவர்களுடைய மனநலம் எந்த அரசின் கணக்கு என்று கேட்டால் இரண்டு பக்கமும் மௌனம்தான்.

அவர்களுடைய கஷ்டங்களின் தன்மையும் தனி. வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட்’ என்று பாராட்டும் சொல்லுக்குள்ளே, தோற்றுப் போக உனக்கு உரிமையில்லை என்ற பாரம் ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கியவன், முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் மட்டும் ஓடுகிற வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறான், கேட்க வெட்கம், பக்கத்திலிருப்பவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான், பக்கத்திலிருப்பவனும் அப்படியே நினைத்துக்கொள்கிறான். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், அடுத்ததில் நாலு. ஊரிலே கேட்டால், ‘காலேஜ் போறான், நல்லாப் படிக்கிறான்’ என்று தாய் பெருமையாகச் சொல்கிறாள். அந்தப் பெருமை ஒவ்வொரு நாளும் அவனைக் குத்துகிறது. அவன் தன் நிலைமையைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் வார்த்தைகளும் மனநோய்ப் புத்தகத்தில் உள்ளவை அல்ல. ‘தலை வலிக்குது’, ‘தூக்கம் வரல’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பான். பெரியவர்கள் அதைக் கேட்டுக் காற்று கறுப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். கோகிலாம்பாள் சந்நிதியிலும் லூர்து மாதா கோயிலிலும் மனம் ஆறுகிறவர்கள் உண்டு; அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். கோயிலுக்கும் போகட்டும், வைத்தியரிடமும் போகட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வீட்டுக்குள்ளே இருக்கிற துன்பங்களில் ஒன்றைப் பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இன்றும் அரசால் ஏலம் விடப்படுகின்றன. அரசின் வருவாயில் கலால் வரிக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு. குடித்துவிட்டு வரும் தகப்பன் இரவு முழுவதும் இரைந்துகொண்டிருக்க, அடுத்த நாள் பரீட்சைக்கு வாசற்படியிலே, தெருவிளக்கு வெளிச்சத்திலே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எந்தக் கிராமத்தில் இல்லை? அந்தப் பிள்ளைக்குக் கல்லூரியில் வழங்கப்படும் யோசனை, நேரத்தைத் திட்டமிட்டுப் படி என்பது.

தம்மைப் போல் அவதிப்படுகிறவர்களோடு கூடி உட்கார்ந்து பேசுவதே ஒரு சிகிச்சை என்ற உண்மையை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களும் குடியால் நொந்தவர்கள்தாம் என்பது கவனிக்கத் தக்கது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிநோயால் அவதிப்பட்ட ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ‘ஆலட்டீன்’ என்ற குழு 1957இல் தோன்றியது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தம் மாதாகோயிலில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, உயிரை வெறுத்தவர்கள் கூப்பிட்டால் கேட்பதற்கு ஏற்பாடு செய்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்: தம்மைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தவர்கள், அங்கே தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த சாதாரணத் தொண்டர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு போய்விட்டார்கள். நம் பக்கத்தில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’, பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே இத்தனை வருஷங்களாக நடந்துவருகிறது. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், மனநல வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த சமயத்தில், பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரைச் சேர்ந்தவர்களும் ஊர் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து உளவளத்துணைப் பணியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் கிராமங்களுக்கு மிக நெருங்கியதாக எனக்குத் தோன்றுவது ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் நடப்பது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், நாட்டில் தம்மைப் போன்றவர்கள் மிகச் சிலரே என்பதை உணர்ந்து, 2006இல் ஹராரே நகரின் ஏழைப் பகுதி ஒன்றிலே பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்தார். வந்தவர்களின் கவலையைக் கேட்டு, அவற்றில் இப்போது தீர்க்கக்கூடிய ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி செய்து, வாரந்தோறும் கூடவே நடந்து வருவதுதான் அந்தப் பாட்டிமார்களின் வேலை. 2016இல் வெளியான, முறைப்படி நடத்தப்பட்ட ஆய்வொன்று, சாதாரண வைத்திய உதவி பெற்றவர்களைவிட இந்த பெஞ்சில் அமர்ந்தவர்களின் மனச்சோர்வு அதிகம் குறைந்திருந்ததைக் காட்டியது. படித்த நிபுணர் ஊருக்கு ஒருவர் வருகிற வரையில் ஒன்றும் செய்ய இயலாது என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கிற நமக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இப்படிக் கூடி உட்கார்ந்து பேசும் துணைக்குழு எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்கள், அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்றோ, யாரோ ஒருவர் உபதேசம் செய்துகொண்டிருப்பார் என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர், வட்டமாக உட்காருகிறார்கள். பயிற்சி பெற்ற இருவர் நடத்துகிறார்கள், ஒருவர் பேச்சைக் கவனிக்க, மற்றவர் பேசாதவர்களின் முகத்தைக் கவனிக்க. விதிகள் சில: இங்கே கேட்டது இங்கேயே நிற்கும், கேட்காமல் புத்தி சொல்வதில்லை, ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதில்லை, பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருக்கலாம். ஒரு பையன், ‘எனக்கு நாலு அரியர் இருக்கு, வீட்ல சொல்லல’ என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசுவதில்லை. பிறகு மூன்றாம் வருஷத்துப் பையன் ஒருவன், ‘எனக்கு ஆறு இருந்துச்சு தம்பி, போன வருஷம் வரைக்கும்’ என்கிறான். அந்த ஒரு வாக்கியம் செய்கிற காரியத்தை எந்த மேதாவியின் பிரசங்கமும் செய்யாது. உலகத்திலே நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்து அந்தப் பையன் சுமந்துவந்த லஜ்ஜை, அப்போதுதான் முதன்முதலாக அவனை விட்டு நீங்க ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகுதான், எந்தப் பேப்பரை முதலில் எழுதுவது, பழைய வினாத்தாள் யாரிடம் இருக்கிறது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பேச்செல்லாம் வரும்.

இதன் எல்லையையும் சொல்லாமல் விடக் கூடாது. குழு என்பது வைத்தியத்துக்குப் பதில் ஆகாது. பல நாள் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், நேசித்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற பேச்சு, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்லுதல் ஆகிய குறிகளைக் கண்டால், நடத்துகிறவர் அன்றைக்கே அந்தப் பிள்ளையை மனநல வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தனியே விடக் கூடாது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்கள் பலர். அப்படி ஆவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்கு அது பெரும்பாலும் நிம்மதியாகவே இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பீதியும் வீண்: 1860இன் தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவாக இருந்த தற்கொலை முயற்சிக் குற்றம், 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவால் வலுவிழந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்த உருவில் இடம்பெறவே இல்லை. அப்படி முயன்றவரைக் கடும் மனஉளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்பதே இன்றைய சட்டம்.

வைத்தியருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நம் இரண்டு கொம்யூன்களுக்குள்ளேயே அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நெல்வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. வில்லியனூரை அடுத்த ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமச் சுகாதார மையம் இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையே இருக்கிறது. மனநல வைத்தியர்கள் இவ்வளவு கிட்டத்தில் அமைந்த கிராமப்புறம் இந்தியாவில் அபூர்வம். இருந்தும், கூப்பிடு தூரத்தில் உள்ள கரும்புத் தோட்டத்துக் கூலியாளின் மகளுக்கும் அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் இடையே ஒரு பாதை போடப்படவில்லை. அவளைக் கைபிடித்து அழைத்துப் போக ஒரு மனிதர் தேவை; அதற்கு முன்னே, அவள் பேசுவதைக் கேட்க ஒரு மனிதர் தேவை.

எச்சரிக்கை ஒன்று. மாணவரின் மனவேதனை எல்லாமே அவருடைய மனத்திலிருந்து கிளம்புவது அன்று. 2016 ஜனவரியில் ஹைதராபாதில் மாணவர் ரோகித் வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் மாணவி டாக்டர் பாயல் தட்வியும் தம் உயிரை முடித்துக்கொண்டபோது, அவர்களுடைய தாய்மார்கள் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன கேள்வி ஆலோசகர்களைப் பற்றியது அன்று. கல்விக்கூடத்தில் நிலவும் ஜாதிப் பாகுபாட்டைப் பற்றியது. மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்ததற்கும் இத்தகைய வேதனைகளே பின்னணி. உதவித்தொகை ஆறு மாதம் தாமதமாவதால் தவிக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது ஆலோசனை ஆகாது. உதவித்தொகையை வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே, குழுவை நடத்துகிறவர்களுக்கு, மாணவரின் குறையைக் கல்லூரி முதல்வரிடமும் அரசு அலுவலகத்திலும் எடுத்துச் செல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும். கூடும் இடமும், ஊர்த்தெருவாரும் காலனியாரும் ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் சமமாக வந்து உட்காரக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும்; இதில் அலட்சியமாக இருந்தால் தொடங்கிய அன்றே காரியம் கெட்டுவிடும்.

படிக்கிறவர்களுக்கு ஊர் துணை நிற்பதில் பாகூர் மண்ணுக்கு ஒரு பழைய உறவும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்தின் பராமரிப்புக்காக மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அந்த வித்தியாஸ்தானம் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. வேதம் ஓதியவர்களுக்கு மாத்திரமே அது உரியது. ஆனாலும், படிக்கிறவன் மனக்கவலையில்லாமல் படிப்பதற்கு ஊர்களின் விளைச்சலில் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்ற தர்மம் இங்கே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எழுத்தில் பொறிக்கப்பட்டது. இன்று எல்லாக் குடியிலும் பிறந்தவர்கள் படிக்கிறார்கள். அவர்கள் எல்லோர்க்கும் அந்தத் தர்மம் உரியது.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச்சேரி அரசின் கிளை நூலகங்கள் கிராமங்களில் இருக்கின்றன. அரசுப் பள்ளிக் கட்டிடங்கள் மாலையில் சும்மா கிடக்கின்றன. வில்லியனூரில் ஒன்று, பாகூரில் ஒன்று என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு மாலை, கடைசி பஸ்களுக்கு முன்னதாக முடியும்படி, குழுவைக் கூட்டலாம். ‘மனநலக் குழு’ என்று பலகை மாட்டினால் ஊர் வாய் சும்மா இராது. ‘பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாள்’ என்ற ஒரு பேச்சு, ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடும். மாலைப் படிப்பு வட்டம் என்று பெயர் வைத்து, அரியர் பேப்பருக்கு உதவி, ஆங்கிலத்துக்கு உதவி, உதவித்தொகை மனு எழுத உதவி என்று நடத்தி, அதனூடே பேசவும் கேட்கவும் வழி செய்தால், யாரும் தலை குனியாமல் வருவார்கள். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியே, பெண்களே நடத்துவதாக இருக்கட்டும். இரண்டு கொம்யூனுக்கும் முழுநேரச் சம்பளத்தில் ஒரு சமூகப் பணியாளரை அரசு நியமிக்கட்டும். மூன்று மருத்துவக் கல்லூரிகளும் ஜிப்மரும் முறைவைத்து மனநல வைத்தியரை அனுப்பிப் பயிற்சியும் மேற்பார்வையும் தரட்டும். பணத்துக்குக் கலால் வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் போதும். குடியால் வந்த பணம் குடியால் நொந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதை எந்த நிதியமைச்சரும் மறுக்க முடியாது.

‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? நாங்கள் நன்றாக இருக்கவில்லையா?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. அக்காலத்திலும் கிணற்றடியில் முடிந்த கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. வயிற்றுவலி தாளாமல் என்று சொல்லி அவற்றை மூடி வைத்தோம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற உபாத்தியாயர்களாகவும் செவிலியர்களாகவும் தபால்காரர்களாகவும் இரண்டு கொம்யூன்களிலும் வாழ்கிற நீங்கள்தாம், பாட்டிமார்கள் ஜிம்பாப்வேயில் செய்கிற காரியத்தை இங்கே செய்யத் தகுந்தவர்கள். பிள்ளைகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்; அவர்களுக்கு மார்க் போடும் பேனா உங்கள் கையில் இல்லை. பயிற்சிக்கு வாருங்கள். கல்லூரி முதல்வர்களே, அந்த ரெஜிஸ்டரில் கடைசிக் கட்டத்தை முதலில் அடித்துவிடுங்கள்.

அரசும் ஊரும் இதைச் செய்கிற வரையில் காத்திருக்க முடியாத பிள்ளைகள் இன்றிரவே இருக்கக்கூடும். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்திவரும் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.